பொதுவில் வைப்போம், போற்றிக் காப்போம்!

1935-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ‘குடிஅரசு’ ஏட்டை விரித்தோர், பழகிப்போன எழுத்துக்கள் சில புதிய உருவில் நிற்கக் கண்டு வியந்தனர். ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துக்களின் தலைமீது சுருண்டிருந்த கொம்பு மறைந்திருந்தது. ணா, றா, னா ஆகியவற்றைப் பின்னிக் கிடந்த சுழி அவிழ, அவையும் மற்ற எழுத்துக்களைப் போலவே நேரான காலுடன் நின்றன. அச்சுக்கோக்கும் தோழருக்குத் தேடும் அறைகள் குறைந்தன. எழுதப் பழகும் குழந்தைக்குச் சுமை குறைந்தது.

பெரியார் அவ்வடிவங்களைச் சுற்றி வேலி கட்டவில்லை. இவை என் ஏட்டின் சொத்து, எடுத்தாள்வோர் பணம் கட்டுக என்று அறிவிப்புப் பலகை நாட்டவில்லை. எவரும் எடுத்தாளலாம் என்ற நிலையிலேயே அவை நாட்டில் உலவின. 43 ஆண்டுகள் கழித்து, 1978-ஆம் ஆண்டில், தமிழ்நாடு அரசு ஆணையிட்டு அவற்றை ஏற்றுக்கொண்டது. இன்று இவ்வேட்டில் உங்கள் கண்முன் நிற்பவை அவ்வெழுத்துக்களே!

ஓர் அச்சுக்கூடத்தில் பிறந்த வடிவம் ஒரு மொழியின் பொதுச் சொத்தாயிற்று. இன்று மக்களுக்கும் அரசுக்கும் இடையே காகிதம் இருந்த இடத்தில் கணினித் திரை வந்து அமர்ந்துவிட்டது. சாதிச் சான்றுக்கும், பட்டா மாற்றத்திற்கும், முதியோர் ஓய்வூதியத்திற்கும் வலைத்தளத்தின் வாயிலில் நிற்கிறோம். அத்தளங்களின் வடிவம் யாருடைய சொத்து? அதனைச் செய்வோர் யார், காப்போர் யார்? இக்கேள்வியை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு எண்ணிப்பார்க்க விழைகின்றேன்.

கோலத்திற்கும் ஒரு கட்டளை

வலைத்தளம் ஒன்றில் இரு கூறுகள் உண்டு. சொல்லப்படும் செய்தி ஒன்று. அச்செய்தி தோன்றும் கோலம் மற்றொன்று. எழுத்தின் அளவு, நிறம், வரிகளுக்கு இடையே விடும் வெளி, படிவத்தின் கட்டங்கள், அழுத்த வேண்டிய பொத்தான்கள், அட்டவணையின் கோடுகள் ஆகியவை அனைத்தும் கோலத்தின் பாற்பட்டவை. அச்சுக்கூடத்தில் பணியாற்றிய நம் தோழர்களுக்கு இது புதிதன்று. கையெழுத்துப் படி எழுத்தாளருடையது. எந்த அச்சில், எத்தனை பத்தியில் கோப்பது என்பது அச்சுக்கூடத்தினுடையது.

இவ்விரண்டையும் பிரித்து, கோலத்திற்கெனத் தனியொரு கட்டளைமொழி வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் முன்மொழிந்தவர், நார்வே நாட்டினரான ஹாக்கோன் வியும் லீ. நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் போஸ் அவரோடு கைகோத்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் அது உலகப் பொது நெறியாக வெளியிடப்பட்டது. சி.எஸ்.எஸ். என அழைக்கப்படும் பாணித்தாள் அதுவே.

பொத்தான் இவ்வாறு தோன்றுக, படிவம் இவ்வாறு அமைக என ஒருமுறை பாணித்தாளில் எழுதிவிட்டால், அதனை ஆயிரம் பக்கங்களில் ஆளலாம். ஒரு தளத்திற்கு எழுதியதை மற்றொரு தளத்திலும் ஆளலாம். அவ்வாறு எழுதி, சோதித்து, குறை களைந்து, விளக்கக் குறிப்புடன் ஒரு களஞ்சியத்தில் அடுக்கி, வேண்டுவோர் எடுத்துக்கொள்க, திருத்துக, திருத்தியதைத் திருப்பித் தருக என்று திறந்து வைத்தால் அது நூலகம். நிரலாளர்களும் அதனை நூலகம் என்றே அழைக்கின்றனர். எவ்வளவு பொருத்தமான பெயர்!

யாருடைய கண் வலிக்கிறது?

நாட்டு நடப்பு என்ன? துறைதோறும் ஒரு தளம், நகராட்சிதோறும் ஒரு தளம், பல்கலைக்கழகந்தோறும் ஒரு தளம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்பந்தம். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அதே பொத்தானை, அதே படிவத்தை, அதே அட்டவணையை முதலிலிருந்து செய்வதாகச் சொல்லி ஒரு விலைப்பட்டியல்! கிணறு வெட்டிய ஊரிலேயே வீட்டுக்கு வீடு மீண்டும் கிணறு வெட்டக் கூலி கொடுப்பதை ஒக்கும் இது. வெட்டிய கிணறும் ஊருக்குச் சொந்தமாவதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் நிரல் ஒப்பந்தக்காரரின் பெட்டிக்குள் போய்விடுகிறது. அடுத்தவர் வருகிறார், பழையதை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்குகிறார்.

பணம் வீணாவது ஒரு பக்கம். அதனினும் கொடியது, குறைகளும் பெருகுவது. உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் பத்து இலட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை வெப்எய்ம் என்னும் அமைப்பு ஆண்டுதோறும் ஆராய்கிறது. 2025-ஆம் ஆண்டு ஆய்வில், அவற்றுள் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடர் விளைக்கும் பிழைகள் காணப்பட்டன. மிகப் பரவலான பிழை எது தெரியுமா? எழுத்தின் நிறம் பின்புலத்தில் கரைந்து மங்கிக் கிடப்பது. 79.1 விழுக்காட்டுப் பக்கங்களில் அக்குறை இருந்தது. சாம்பல் நிறத் தாளில் சாம்பல் நிற எழுத்து! எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருத்தல் வேண்டும் எனப் பன்னாட்டு நெறி 2008-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. ஆயினும் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொருவரும் அதே பிழையைப் புதிதாகச் செய்கின்றனர்.

இதனால் இன்னலுறுவோர் யார்? ஒளிமிக்க பெருந்திரையின் முன்னமர்ந்து அழகு பார்க்கும் சீமான் அல்லர். தறியில் அமர்ந்து கண்ணொளி மங்கிய நெசவாளி. வெயிலில் நின்று, கீறல் விழுந்த மலிவுக் கைப்பேசியில் கூலிக் கணக்கைத் தேடும் தொழிலாளி. திரையைக் குரலாக்கிச் செவியால் படிக்கும் பார்வையற்ற மாணவி! இவர்கள் கேட்பது சலுகையா? அன்று, உரிமை! எண்ணிம வழிச் சேவைகளை அணுகும் வாய்ப்பு, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் கூறே என்று 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அவ்வுரிமையை ஆயிரம் ஒப்பந்தக்காரர்களின் நல்லெண்ணத்திடம் ஒப்படைப்பதா? பொது நூலகத்தில் ஒரே ஒரு பொத்தானைச் செம்மையாகச் செய்து வைத்தால், அதனை எடுத்தாளும் அத்தனை தளங்களிலும் அது செம்மையாகவே நிற்கும். ஓரிடத்தில் குறை களைந்தால் ஓராயிரம் இடங்களில் குறை களையப்படும். பொதுமையின் வலிமை இதுவன்றோ!

வேலியை அகற்றியோர்

“நடக்கக்கூடியதா இது? தான் செய்ததை எவனாவது இலவசமாகக் கொடுப்பானா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் அக்கேள்வியை இணையத்தின் வழியாகவே கேட்கின்றனர் என்பதுதான் வேடிக்கை! உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அவ்வாய்வகம் வலையின் மென்பொருளைப் பொதுவில் வைத்தது. கப்பம் கேட்கவில்லை, வலை உலகை வளைத்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்திருந்தார். இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமைகளை உரிமமாகவே எழுதி வைத்தது அவ்வியக்கம்.

கோலத்தின் களத்திலும் இது நடந்துள்ளது. ட்விட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் இருவரும் தம் அலுவலகத்தில் ஆளுக்கொரு விதமாகப் பக்கங்கள் அமைவதைச் சீர்செய்ய ஒரு பாணித்தொகுப்பை எழுதினர். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற பெயரில் திறந்து விடப்பட்டது. எண்ணற்ற தளங்கள் அதனை எடுத்தாண்டன. ஆங்கில நாட்டு அரசு, சிதறிக் கிடந்த தன் தளங்களை 2012-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஒரே வாயிலின்கீழ்க் கொணரத் தொடங்கியது. 2018-இல் தன் வடிவமைப்புத் தொகுப்பை எவரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டது. அந்நாட்டின் பொது மருத்துவப் பணித் தளம் அதிலிருந்து பலவற்றை எடுத்துத் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்டது.

அமெரிக்க நாட்டுக் கதை இன்னும் பெரிய படிப்பினை. அங்கே ‘18எஃப்’ என்னும் அரசுக் குழுவும் மற்றொரு குழுவும் சேர்ந்து 2015-இல் கூட்டாட்சித் தளங்களுக்கான பொதுப் பாணித்தொகுப்பை வெளியிட்டன. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், புதிய ஆட்சியின் ஒரே ஆணையில் 18எஃப் கலைக்கப்பட்டது. குழு போயிற்று, ஆனால் தொகுப்பின் நிரலைச் சிறையிட முடிந்ததா? முடியவில்லை! பொதுவில் வைத்தது பொதுவிலேயே நின்றது. ஆட்சியாளரின் சினம் அலுவலகத்தைப் பூட்டலாம். ஊரார் கைகளில் படி படியாய்ப் பரவிவிட்ட நூலைப் பூட்ட இயலுமா?

ஒரே முகமா?

“எல்லாத் தளங்களும் ஒரே நூலகத்தில் எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே முகமாகிவிடாதா? தனித்தன்மை அழியாதா?” என்பது அடுத்த ஐயம். நியாயமான ஐயம்தான். பூட்ஸ்ட்ராப் பரவிய காலத்தில், அதை அப்படியே எடுத்துப் போட்ட தளங்கள் பல ஒன்றையொன்று ஒத்திருந்தன என்பதும் உண்மை.

ஆனால் வெண்பாவை எண்ணிப் பாருங்கள். சீரும் தளையும் அடியும் அனைவருக்கும் பொது. அவ்விலக்கணத்தை எந்தப் புலவனும் தன் பெயருக்குப் பட்டயம் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் புலவர் அனைவரும் ஒரே பாட்டையா பாடினர்? அறம் பாடியவன் அதில் அறம் பாடினான். வசை பாடியவன் வசை பாடினான். பொது இலக்கணம் புலமையைக் கொல்லவில்லை, ஊன்றுகோலாய் நின்றது. 2003-ஆம் ஆண்டு, டேவ் ஷே என்னும் கனடா நாட்டு வடிவமைப்பாளர் ‘சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்’ என்ற தளத்தை அமைத்தார். பக்கம் ஒன்றே, அதிலுள்ள சொற்களும் மாறா. பாணித்தாளை மட்டும் மாற்றி எழுதி அனுப்புமாறு உலகோரை அழைத்தார். கடலடிக் காட்சியாகவும், பழைய சுவரொட்டியாகவும், தோட்டமாகவும் அந்த ஒரே பக்கம் நூற்றுக்கணக்கான முகங்கள் கொண்டது.

மேலும், ஓய்வூதியப் படிவத்துக்குத் தேவை தனித்தன்மையா, தெளிவா? சாலையோர வழிகாட்டிப் பலகை ஊருக்கு ஊர் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் அழகென்போமா? வழி தவறுவோம்!

தமிழுக்கு இடம் எங்கே?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். மேற்சொன்ன நூலகங்கள் ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு பிறந்தவை. அவற்றை அப்படியே தமிழுக்கு அணிவித்தால் சட்டை பிடிக்கிறது. ஆங்கிலத்தின் குறுஞ்சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல் அடங்காமல் விளிம்பைத் தாண்டுகிறது. நம் எழுத்துக்கள் மேலே விசிறியும் கீழே சுழித்தும் நிற்பவை. கூ, ணீ, ஸ்ரீ போன்றவை வரியிடை வெளி குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி நீளும் நம் சொற்கள் கைப்பேசித் திரையில் மடங்க இடமின்றி வெட்டுண்கின்றன. ஆங்கிலத்தில் வலியுறுத்தச் சாய்வெழுத்தும் தலைப்பெழுத்தும் உண்டு. தமிழில் தலைப்பெழுத்து இல்லை, சாய்த்தால் எழுத்து சிதைகிறது. இவற்றுக்கு விடை காண வேண்டியவர் யார்? கலிபோர்னியாவில் அமர்ந்திருப்பவரா? நாமே!

பொது நெறி இல்லாமையால் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. 1990-களில் தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாவிடில் திரையில் தெரிந்தவை பொருளற்ற கிறுக்கல்கள்! ஒருவர் தட்டெழுதியதை மற்றவர் படிக்க மாற்றிகள் தேவைப்பட்டன. 1999-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எழுத்தின் குறியீடு பொதுவான பின்னரே இணையத்தில் தமிழ் தங்கு தடையின்றி நடந்தது. எழுத்துருக்களும் இன்று வறட்சியில் இல்லை; நோட்டோ, லோகித், மீரா இனிமை முதலியவை திறந்த உரிமத்துடன் கிடைக்கின்றன. மீரா இனிமையைத் தந்தவர்கள் யார்? சுதந்திர மலையாளக் கணிமை என்னும் கேரளத்துத் தன்னார்வலர்கள்! அண்டை வீட்டார் நம் மொழிக்குச் செய்த அன்புக்கொடை அது.

குறியீடு பொதுவாயிற்று, எழுத்துரு பொதுவாயிற்று, எஞ்சியிருப்பது கோலம். அதையும் பொதுவாக்கினால் அல்லவா கட்டடம் முழுமை பெறும்!

கதவு திறந்தால் போதுமா?

தோழர்களே! இதுவரை சொன்னதை ஏற்போர் பலர். இங்கேதான் நம்மவர்களே இடறுகின்றனர். “திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டோம், கடமை முடிந்தது” என்று கைகழுவுகின்றனர். கடமை அங்கேதான் தொடங்குகிறது!

2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டது. வங்கிகளும் வணிகங்களும் தம் மறைமொழிகளைக் காக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த மென்பொருளில் இருந்த ஓட்டை அது. உலகமே சாய்ந்திருந்த அத்தூணை முழுநேரமாகத் தாங்கி நின்றவர் ஏறத்தாழ ஒரே ஒருவர்! கோடிகளைக் குவித்த நிறுவனங்கள் சுடுபட்ட பின்னரே நிதியம் திரட்டின. 2016-ஆம் ஆண்டு மார்ச்சில், பெயருரிமைத் தகராறில் மனம் கசந்த ஒரு நிரலாளர், பொதுக் களஞ்சியத்திலிருந்து தம் நிரல்களை எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று வெறும் 11 வரிகள் கொண்டது. அதை நம்பியிருந்த பெருநிறுவனங்களின் பணிகள் உலகெங்கும் தடுமாறின. நிறுவனங்கள் கனியைத் தின்றன. மரத்துக்கு நீர் ஊற்றியவரின் பெயர்கூட அவற்றுக்குத் தெரியவில்லை. திறந்த கதவு வழியே உழைப்பவனும் வருவான், பிறர் உழைப்பை உறிஞ்சுபவனும் வருவான் என்பதை மறக்கலாமா?

இதற்கு விடை நம் மண்ணிலேயே உண்டு. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன். அச்சட்டத்தின் உயிர் எது? நூலகம் புரவலரின் அருளால் வாழக்கூடாது என்பது. வீட்டுவரியோடு நூலக வரி என ஒரு சிறு தொகை திரட்டப்பட்டது. ஊரார் ஒவ்வொருவரும் தந்த அச்சிறு தொகையே விளக்கெரித்தது, நூல் வாங்கியது, நூலகருக்கு ஊதியம் தந்தது. கட்டணமின்றி உள்ளே நுழையலாம் என்பதனால் செலவே இல்லை என்று அவர்கள் ஏமாறவில்லை! செருமனி அரசு 2022-ஆம் ஆண்டு திறந்த மென்பொருள்களைப் பேணுவதற்கென ஒரு பொது நிதியம் நிறுவியது. நம் நூலகச் சட்டத்தின் கருத்து அங்கே மென்பொருளுக்கு வந்து சேர்ந்துள்ளது என்றே சொல்வேன். உரிமம் கதவைத் திறக்கிறது. வரிதான் விளக்கை எரிய வைக்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். பொதுப்பணத்தில் செய்யப்படும் தளம் எதுவாயினும், அதன் பாணித்தாள்கள் திறந்த உரிமத்துடன் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும் என்ற விதி ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இடம்பெறுக! அக்களஞ்சியத்தைப் பேண நிலையான ஊதியத்தில் நிரலாளரும், வடிவமைப்பாளரும், தமிழறிந்தோரும் கொண்ட சிறு குழு அமைக! தமிழ் பின்னர் ஒட்டும் மொழிபெயர்ப்பாக இராது, முதல் அளவிலேயே தமிழுக்கு அளவெடுக்கப்படுக! பார்வையற்றோரும் முதியோரும் சோதித்துச் சரியென்று சொல்லாத எந்த வடிவமும் நூலகத்தில் ஏறாதிருக்க!

அரசை நோக்கி விரல் நீட்டியதோடு நம் வேலை முடிவதில்லை. கிளைதோறும் படிப்பகம் கண்ட இயக்கத்தின் மரபில் வந்தவர்கள் நாம். நம் கிளைகளிலும், தொழிற்சங்கங்களிலும், மாணவர் அணியிலும் நிரல் கற்ற இளைஞர்கள் எத்தனையோ பேர். கழகத் தளத்திற்கு ஒரு பொத்தானைச் செம்மையாகச் செய்தவர் அதைப் பொதுவில் வைக்கட்டும். நிரல் அறியாதவர், பொதுச் சேவை மையத்தில் பாட்டி ஒருவர் எந்தக் கட்டத்தில் திகைத்து நின்றார் என்பதைக் குறித்து அனுப்பட்டும். அதுவும் உழைப்பே, பல வேளைகளில் அதுவே மிகச் சிறந்த உழைப்பு.

ஈரோட்டு அச்சுக்கூடத்தில் மாற்றிய சில எழுத்துக்கள் அரசாணையாக 43 ஆண்டுகள் ஆயின. அதுவரை அவற்றை நாள்தோறும் கோத்து, திருத்தி, அச்சிட்டு, உயிரோடு வைத்திருந்தவை பெயர் தெரியாத தொழிலாளர்களின் கைகள். அக்கைகளின் வழியில் நம் கைகளும் சேரட்டும்.

பொதுவில் வைப்போம், வைத்ததைப் போற்றிக் காப்போம்!